ஊருக்குப் போகேக்க மீற்றர் வால்வை மட்டும் பூட்டினாக் காணாது

ஆடி பிறந்திட்டா எனக்கு வாற கேள்வியளில பாதி தண்ணி லைனைப் பற்றித்தான் இருக்கும். நல்லூர்க் கொடியேற்றம் எண்டு ஒரு பக்கம் சனம் யாழ்ப்பாணத்துக்கு வெளிக்கிடும், இன்னொரு பக்கம் வெளிநாட்டில இருக்கிற பிள்ளையளைப் பாக்க எண்டு வெளிக்கிடும், கொழும்பில கன வீடு பூட்டிக் கிடக்கிற காலம் இது. பதினெட்டு வருஷம் இந்த நகரத்தில கட்டிடங்களில பைப் வேலை பாத்தவன் எண்டபடியா இந்தக் கேள்வியள் வந்தா எனக்கு மற்ற வேலை ஓடாது. இந்த முறை ஆறு கடிதம் எடுத்திருக்கிறன். முதலாவதுக்குத்தான் நீட்டா எழுதியிருக்கு, மற்ற எல்லாரும் அதையும் ஒருக்கா வாசிச்சிட்டு உங்கட பதிலுக்குப் போங்கோ.

கேள்வி: தம்பி, நாங்கள் தெஹிவளையில சொந்த வீட்டில இருக்கிறம், நானும் இவரும் மட்டும்தான். மகளுக்குப் பிள்ளை பிறக்கப் போகுது, மூண்டு மாசம் கனடாவில நிக்கப் போறம். என்ர தங்கச்சி மட்டும் வெள்ளிக்கிழமையில வந்து சாமிக்கு விளக்கு வைச்சிட்டுப் போவா. கேற்றடியில இருக்கிற மீற்றர் வால்வைப் பூட்டினாக் காணும் எண்டு இவர் சொல்லுறார். மேல இருக்கிற 1000 லீற்றர் தாங்கியையும் காலி பண்ணிட்டுப் போங்கோ எண்டு என்ர தம்பி சொல்லுறான். பக்கத்து வீட்டு அக்கா தாங்கி வெறுமையாக் கிடந்தா வெயிலுக்கு வெடிச்சிடும் எண்டுறா. ஆர் சொல்லுறதைக் கேக்கிறது?
(ஒரு வாசகி, தெஹிவளை)

பதில்: அம்மா, முதல்ல மகளுக்குச் சுகமாப் பிள்ளை பிறக்கட்டும். ஐயா சொல்லுறது பிழையில்லை, ஆனா அது பாதி வேலை. மீற்றர் வால்வைப் பூட்டினா ரோட்டால வாற தண்ணி நிக்கும், உங்கட தலைக்கு மேல ஏற்கனவே ஏறியிருக்கிற தண்ணி நிக்காது. 1000 லீற்றர் எண்டா ஒரு தொன் பாரம். அது மேல இருந்தபடி இரவு பகலா உங்கட வீட்டில இருக்கிற ஒவ்வொரு பைப்பையும் ஒவ்வொரு ஹோஸையும் அமத்திக்கொண்டேதான் இருக்கும், நீங்கள் வீட்டில நிண்டாலும் கனடாவில நிண்டாலும் அதுக்கு ஒண்டுதான்.

இதை நான் கண்ணால கண்டிருக்கிறன். ஏழெட்டு வருஷத்துக்கு முதல் பம்பலப்பிட்டியில ஒரு மாடி வீடு, அவையும் உங்களைப் போல மீற்றர் வால்வை வடிவாப் பூட்டிட்டுத்தான் லண்டனுக்குப் போனவை. மேல் மாடி பாத்ரூமில கொமட்டுக்குப் பக்கத்தில இருக்கிற ஹாண்ட் ஷவரின்ர ஹோஸ் வெடிச்சு, தாங்கியில இருந்த தண்ணி முழுக்க ஹோலுக்குள்ள போய் படியால இறங்கி கீழ சாமி அறை வரைக்கும் போயிட்டுது. பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு வெளியால தண்ணி வடியிறதைக் கண்டுதான் போன் அடிச்சவர். நான் போகேக்க மரப்படி ஊதிப்போய் நிக்குது, அலுமாரிக்குக் கீழ்த்தட்டில வைச்சிருந்த கலியாண அல்பம் நாலும் ஒட்டிப்போய் ஒரு கட்டியாக் கிடக்குது, அந்த அம்மா போனில அழுதது இப்பவும் எனக்குக் காதில கேக்கும். அந்த ஹோஸைக் கழட்டிக் கையில எடுத்துப் பாத்தன். வெளியால பின்னல் கம்பி, உள்ளுக்கு மெல்லிய றப்பர் குழாய், நட்டுக்குப் பக்கத்தில கம்பி நாலஞ்சு இழை துருப்பிடிச்சு அறுந்திருக்குது, அந்த ஓட்டைக்குள்ளால றப்பர் ஒரு நாவற்பழமளவுக்கு வெளியால ஊதி நுனியில ஒரு கீறல். அவ்வளவுதான். அந்த ஒரு கீறல்தான் முழு வீட்டையும் அழிச்சது. அந்த ஹோஸுக்குப் பின்னால சுவரில இருக்கிற சின்னக் கோண வால்வை ஒரு சுத்துப் பூட்டியிருந்தா ஒண்டும் நடந்திருக்காது.

மீற்றரைப் பூட்டினபடியா அவைக்கு 1000 லீற்றரோட போச்சு. அதையும் பூட்டாமப் போயிருந்தா என்ன நடக்கும் எண்டு கணக்குப் பாருங்கோ. வெடிச்ச ஹோஸால நிமிஷத்துக்கு 10 லீற்றர் போகுது எண்டு வைச்சுக்கொள்ளுவம். மணித்தியாலத்துக்கு 600, நாளைக்கு 14,400 லீற்றர். தண்ணி பில்லில ஒரு யுனிற் எண்டுறது 1000 லீற்றர், அப்ப நாளைக்கு 14 யுனிற்றுக்கு மேல. யுனிற் கூடக் கூட ஒரு யுனிற்றின்ர விலையும் கூடுற மாதிரித்தான் எங்கட பில் கட்டணம் இருக்குது எண்டதும் உங்களுக்குத் தெரியும். பில்லை விடுங்கோ, வீடு என்ன கதிக்கு வரும்.

அதால நீங்கள் செய்ய வேண்டியது இதுதான், அவசரப்படாம வெளிக்கிடுறதுக்கு முதல் நாள் பின்னேரமே செய்யுங்கோ. மீற்றருக்குப் பிறகு வீட்டுப் பக்கம் இருக்கிற வால்வைப் பூட்டுங்கோ, மீற்றருக்கு முன்னால இருக்கிறதும் சீல் வைச்ச இடமும் நீர் வழங்கல் சபைக்குச் சொந்தம், அதில கை வைக்க வேண்டாம். கீழ சம்ப், அதாவது நிலமட்டத்துத் தண்ணித் தொட்டி, இருந்து மோட்டர் போட்டு மேல ஏத்துற வீடெண்டா மோட்டரின்ர பிரேக்கரையே விழுத்திட்டுப் போங்கோ, சுவிச்சை மட்டும் நிப்பாட்டினாக் காணாது. ஏனெண்டா தாங்கிக்குள்ள மிதவை சுவிச் போட்டிருக்கிற வீடுகளில மேல தண்ணி குறையக் குறைய மோட்டர் தானா ஓடி ஏத்திக்கொண்டே இருக்கும், கீழ ஒழுகுது எண்டு அதுக்குத் தெரியாது. சம்ப் வத்திப்போனா தண்ணியில்லாம ஓடி மோட்டரும் எரியும்.

பேந்துதான் முக்கியமான வேலை, தாங்கியிலயிருந்து வீட்டுக்கு இறங்குற பைப்பில தாங்கியடியிலயே ஒரு வால்வு இருக்கும், அதைப் பூட்ட வேணும். சில வீட்டில சமையலுக்கு ஒண்டு பாத்ரூமுக்கு ஒண்டு எண்டு ரெண்டு பைப் இறங்கும், ரெண்டையும் பூட்டுங்கோ. நீங்கள் ரெண்டு பேரும் ஏணியில ஏற வேண்டாம் அம்மா, தம்பியாரைக் கூப்பிட்டு ஏத்துங்கோ, அவர் தாங்கியைப் பற்றிக் கதைச்சவர்தானே.

பூட்டினபிறகு கீழ இருக்கிற ஒரு பைப்பைத் திறந்து விட்டா லைனுக்குள்ள மிஞ்சியிருக்கிற தண்ணி வடிஞ்சு நூலாகி நிக்கும். அஞ்சு நிமிஷத்துக்குப் பிறகும் நூல் மாதிரி வந்துகொண்டே இருந்தா வால்வு முழுசாப் பூட்டுப்படேல்லை எண்டு அர்த்தம், திரும்பப் போய்ப் பாக்க வேணும். நிண்டிட்டா அந்தப் பைப்பைத் திரும்பப் பூட்ட மறக்காதேங்கோ. கொழும்பில நீர்வெட்டு நாளில கன வீட்டில நடக்கிறது இதுதான், பைப்பைத் திறந்து பாக்கிறது, தண்ணி வரேல்லை எண்டதும் அப்பிடியே விட்டிட்டு வேலைக்குப் போறது, பின்னேரம் தண்ணி வந்து சிங்க் நிரம்பி வழியிறது.

கொமட் தொட்டிக்குப் போற கோண வால்வு, ஹாண்ட் ஷவரின்ரது, சிங்குக்குக் கீழ இருக்கிறது, வோஷிங் மெஷின் பைப், தண்ணி பில்டர் பொருத்தியிருந்தா அதின்ரது, எல்லாத்தையும் பூட்டுங்கோ. மேல வால்வு ஏமாத்தினாலும் இது காப்பாத்தும். சுடுதண்ணி கீசருக்கு கறண்டை பிரேக்கரில நிப்பாட்டுங்கோ. கூரையில கண்ணாடிக் குழாய் வைச்ச சோலர் சுடுதண்ணி இருந்தா மட்டும் கவனம், அதுக்குள்ள தண்ணி இல்லாமல் வெயிலில காய்ஞ்சு கிடந்து, பேந்து நீங்கள் வந்து நடுமத்தியானத்தில பச்சைத்தண்ணியைத் திறந்து விட்டா குழாய் வெடிக்கும். அதைப் பொருத்தித் தந்தவையிட்ட ஒருக்காக் கேட்டிட்டுச் செய்யுங்கோ.

தாங்கியைக் காலி பண்ணுறதா விடுறதா எண்டா, நான் நிரப்பி விட்டிட்டுப் போகச் சொல்லுவன். வெறும் தாங்கி வெயிலுக்கு வெடிக்கும் எண்டு நான் சொல்ல மாட்டன், ஆனா மழைக்காலக் காத்துக்கு வெறும் தாங்கி ஆடும், இறுக்கிக் கட்டாததெண்டா உருண்டு பைப்பையும் முறிச்சுக்கொண்டு போகும். தண்ணி நிண்டாத்தான் அது தன்ர இடத்தில இருக்கும். மூடி இறுக்கமா இருக்க வேணும், தண்ணி கூடினா வெளியால போற பைப்பின்ர வாயில நுளம்பு வலைத் துண்டொண்டை மடிச்சுக் கட்டிவிடுங்கோ. அந்தத் தண்ணியை வந்தபிறகு குடிக்கிறேல்லை, பூக்கண்டுக்கும் முத்தம் கழுவவும் விடுங்கோ.

ஒண்டு நீங்கள் கேக்கேல்லை, நான் சொல்லுறன். விளக்கு வைக்க வாற உங்கட தங்கச்சி வந்ததும் கால் கழுவத் தண்ணி தேடுவா. அவவுக்குத் தண்ணி இல்லாட்டி தானே வால்வைத் தேடித் திறப்பா, விளக்கு வைச்சுக் கும்பிட்டிட்டுப் போகேக்க பூட்ட மறப்பா, அதில அவவைக் குறை சொல்ல ஏலாது. அதால கேற்றடியில முத்தத்துக்கு ஒரு பைப் தனிய இருந்தா அது மட்டும் வாற மாதிரி விட்டிட்டு வீட்டு வால்வைப் பூட்டுங்கோ, அப்பிடி வசதி இல்லையெண்டா பெரிய போத்தல் நாலில தண்ணி நிரப்பி இறுக்கி மூடி வாசலடியில வைச்சிட்டு அவவுக்குச் சொல்லிட்டுப் போங்கோ.

கேள்வி: அண்ணா, நாங்கள் வெள்ளவத்தையில கடற்கரைப் பக்கம் நாலாம் மாடி பிளற்றில வாடகைக்கு இருக்கிறம். நல்லூர்த் திருவிழா 25 நாளும் ஊரில நிக்கிற எண்ணம். தாங்கி மொட்டை மாடியில எல்லாருக்கும் பொது, எங்கட வால்வு எது எண்டே தெரியாது. வீட்டுக்காரர் அவுஸ்திரேலியாவில, கேட்டா செக்கூரிட்டியைக் கேக்கச் சொல்லுறார், செக்கூரிட்டி புது ஆள். என்ன செய்ய?
(ஒரு வாசகர், வெள்ளவத்தை)

பதில்: தம்பி, பிளற்றில இருக்கிறவை இதைத் தனி வீட்டுக்காரரை விடக் கவனமாப் பாக்க வேணும், ஏனெண்டா உங்கட வீட்டில ஒழுகினா நனையிறது மூண்டாம் மாடிக்காரற்ற தலை. கீழ் வீட்டுக் கூரையில ஒரு மஞ்சள் வட்டம் விழுந்ததில தொடங்கி பத்து வருஷமாக் கதையாமல் இருக்கிற ரெண்டு குடும்பத்தை உங்கட பக்கத்திலயே எனக்குத் தெரியும். ரெண்டும் நல்ல சனம்.

வால்வு மூண்டு இடத்தில ஒண்டில இருக்கும். வாசல் கதவுக்கு வெளியால கொரிடோரில பைப் எல்லாம் ஏறிப்போற அலுமாரிக் கதவு மாதிரி ஒண்டு இருக்கும், அதுக்குள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் சின்ன மீற்றரும் வால்வும் இருக்கலாம். இல்லையெண்டா மொட்டை மாடியில தாங்கியடியில வரிசையா வால்வு இருக்கும், பெயின்றால வீட்டு நம்பர் எழுதியிருப்பினம், எழுத்து அழிஞ்சும் இருக்கும். அதுவும் இல்லையெண்டா பாத்ரூம் பொய்க்கூரைக்கு மேல அல்லது கதவுக்குப் பின்னால சுவரில பதிச்ச வட்டப் பிடி. தேடிப் பிடிச்சிட்டுப் பூட்டிப் பாருங்கோ, குசினிப் பைப், ரெண்டு பாத்ரூம், பல்கனிப் பைப் எல்லாத்தையும் ஒவ்வொண்டாத் திறந்து பாருங்கோ. குசினி நிண்டு பாத்ரூம் ஓடுது எண்டா இன்னொரு வால்வு இருக்குது எண்டு அர்த்தம், அதையும் தேடுங்கோ.

பழைய கட்டிடங்களில ஒரு வால்வில ரெண்டு வீடு தொங்குறதும் உண்டு. நீங்கள் பூட்டிட்டு யாழ்தேவி ஏறினபிறகு பக்கத்து வீட்டில குழந்தைக்குக் குளிக்க வாக்கத் தண்ணி இல்லாமல் போகக் கூடாது, அதால பூட்டேக்க பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி உங்களுக்குத் தண்ணி வருதா எண்டு ஒரு வார்த்தை கேளுங்கோ. சிவப்புப் பெயின்ற் அடிச்ச பைப்பைத் தொடவே வேண்டாம், அது நெருப்பு அணைக்கிற லைன்.

உங்கட வால்வே கிடைக்கேல்லை எண்டாலும் வழி இருக்கு. வீட்டுக்குள்ள இருக்கிற கோண வால்வு அத்தனையையும் பூட்டுங்கோ, உண்மையா வெடிக்கிறது சுவருக்குள்ள இருக்கிற பைப் இல்லை, வெளியால தொங்குற ஹோஸ்தான், வெடிச்சது எண்டு என்னைக் கூப்பிட்ட வீடுகளில பத்தில எட்டு அப்பிடித்தான். நீங்கள் கடற்கரைப் பக்கம் வேற. உப்புக்காத்துக்கு அந்தப் பின்னல் கம்பி நாலஞ்சு வருஷத்தில அரிச்சுப்போகும். கையால ஹோஸைத் தடவிப் பாருங்கோ, எங்கயாவது சொரசொரப்பாத் துருவோ கம்பி குத்துற மாதிரியோ இருந்தா போறதுக்கு முதலே மாத்துங்கோ, ஹார்ட்வெயாரில விக்கிற சாமான்தான், வாடகை வீடெண்டு வீட்டுக்காரர் மாத்தும் வரைக்கும் பாத்துக்கொண்டு இருக்காதேங்கோ. இரவில இன்னும் மோசம், எல்லாரும் படுத்தபிறகு தண்ணி பாவிக்கிறது குறைய ரோட்டு லைனில பிறெஷர் கூடும், ரோட்டு லைனிலயிருந்து நேரா வாற பைப் இருக்கிற வீட்டில ஹோஸ் கன தரம் விடியப்புறம்தான் வெடிக்கிறது.

கீழ் வீட்டுக்காரருக்கு நீங்கள் போற திகதியையும் உங்கட போன் நம்பரையும் குடுங்கோ. நம்பிக்கையான ஒரு ஆளிட்டத் திறப்பு ஒண்டும் இருக்கட்டும். ஒழுகுது எண்டு தெரிஞ்சும் கதவு திறக்க ஏலாமல் நிண்டா அதை விடக் கொடுமை இல்லை.

கேள்வி: கொட்டாஞ்சேனையில அப்பா காலத்து வீடு. மெயின் வால்வை ஒரு நாளும் பூட்டினதில்லை, போன கிழமை பூட்டப் பாத்தா அசையேல்லை. ஒரு நீட்டுப் பைப்பைப் பிடியில கொழுவி மிதிச்சா வரும் எண்டு மச்சான் சொல்லுறான். செய்யலாமா?
(ஒரு வாசகர், கொழும்பு 13)

பதில்: வேண்டாம் தம்பி, தயவுசெய்து செய்ய வேண்டாம். வட்டப் பிடி வைச்ச பழைய வால்வுக்குள்ள ஒரு பித்தளைக் கதவு இருக்கு, பிடியைச் சுத்தச் சுத்த அது மேல கீழ போகும். கனகாலம் திறந்தபடியே இருந்தா அந்தக் கதவைச் சுத்தி மண்ணும் துருவும் பிடிச்சு இறுகும். நீங்கள் மிதிக்கிற மிதியில ஒண்டில உள்ளுக்கு இருக்கிற தண்டு முறியும், இல்லாட்டி சுவருக்குள்ள இருக்கிற பைப் திருகி வெடிக்கும், ஞாயிற்றுக்கிழமையில பைப் வேலை செய்யிற பாஸைத் தேடி ஓட வேண்டி வரும்.

துருவுக்கு அடிக்கிற ஸ்ப்ரே வாங்கித் தண்டு உள்ளுக்குப் போற இடத்தில அடிச்சு ஒரு இரவு விடுங்கோ. அடுத்த நாள் பூட்டுற பக்கம் கொஞ்சம், திறக்கிற பக்கம் கொஞ்சம், திரும்பப் பூட்டுற பக்கம் எண்டு கையால மட்டும் ஆட்டுங்கோ. அரைச் சுத்து வந்தா மிச்சம் வரும். அசைஞ்சபிறகு பிடிக்குக் கீழ இருக்கிற நட்டடியால சொட்டத் தொடங்கும், பயப்படாதேங்கோ, கனகாலம் அசையாத வால்வில அது வழமை, அந்த நட்டை ஸ்பானரால ஒரு சொட்டு இறுக்கினா நிக்கும். இதுக்காகத்தான் சொல்லுறன், பயணம் போற விடிய இந்த வேலையைத் தொடக்கூடாது, ஒரு கிழமைக்கு முதல் செய்து ரெண்டு மூண்டு நாள் வைச்சுப் பாக்க வேணும். திறக்கேக்கயும் முழுக்கத் திறந்திட்டு ஒரு கால் சுத்துத் திரும்ப வைச்சு விடுங்கோ, அடுத்த முறை இறுகாது.

அப்பிடியும் வராட்டி மாத்துறதுதான். பாஸிட்ட நெம்பு மாதிரி கைபிடி வைச்ச ‘போல் வால்வு’ (ball valve) போடச் சொல்லுங்கோ, கால் சுத்துதான், பிடி பைப்போட நேரா நிண்டா திறந்திருக்கு, குறுக்கா நிண்டா பூட்டியிருக்கு. வயசான அம்மாவும் ஒரு பார்வையில கண்டுபிடிப்பா. மாத்தேக்க ரோட்டுப் பக்கம் தண்ணியை நிப்பாட்ட வேண்டி வந்தா சபைக்கு 1939 எண்டு அடிச்சுக் கேளுங்கோ, மீற்றருக்கு அங்கால ஒழுகினாலும் அதே நம்பர்தான்.

கேள்வி: ரெண்டு நாள் கண்டிக்குப் போறதுக்கும் இவ்வளவும் செய்யோணுமா?
(ஒரு வாசகி, கிருலப்பனை)

பதில்: இல்லை தங்கச்சி. ஹாண்ட் ஷவரையும் வோஷிங் மெஷினையும் பூட்டி, மெயினையும் பூட்டிட்டுப் போங்கோ, ரெண்டு நிமிஷ வேலை. ஆனா ஒரு உதவி செய்யுங்கோ, வெளிக்கிட முதல் மெயினைத் திறந்தபடி வீட்டில எல்லாப் பைப்பையும் பூட்டிட்டு, மேல தாங்கியும் நிரம்பினபிறகு, மீற்றரைப் போய்ப் பாருங்கோ. கண்ணாடிக்குள்ள குட்டியா ஒரு நட்சத்திரமோ முக்கோணமோ இருக்கும், அது ஆடாமல் நிக்க வேணும். மெல்லமாச் சுத்துது எண்டா எங்கயோ போகுது. கன தரம் கொமட் தொட்டிதான் கள்ளன். தொட்டிக்குள்ள கொஞ்சம் கேசரிக் கலர் போட்டு தண்ணி அடிக்காமல் இருபது நிமிஷம் விடுங்கோ, கொமட்டுக்குள்ள கலர் வந்திட்டா உள்ளுக்கு இருக்கிற றப்பர் போச்சு. செக்கனுக்கு ஒரு சொட்டு எண்டாலே நாளைக்கு 86,400 சொட்டு, 4000 சொட்டு ஒரு லீற்றர் எண்டு பாத்தாலும் 20 லீற்றருக்கு மேல. லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களிலயிருந்தும் அம்பத்தளையில களனி கங்கையிலயிருந்தும் இவ்வளவு தூரம் சுத்தம் பண்ணி அனுப்புற தண்ணி, அதை இரவிரவா கானுக்குள்ள விட எனக்கு மனம் வராது.

கேள்வி: எங்கட பக்கத்து வீட்டுக்காரர் ஆறு மாசமா வெளிநாட்டில. அவையின்ர வீட்டுப் பின்பக்கம் தொட்டியில தண்ணி நிக்குது, நுளம்பு எங்கட வீட்டுக்கு வருது, எங்கட சின்னவனுக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில நாலு நாள் வைச்சிருந்தம். நாங்களும் மார்கழியில போறம், எங்களால இப்பிடி ஒருத்தருக்கும் வரக்கூடாது. தண்ணியைப் பூட்டினா மட்டும் காணுமா?
(ஒரு தாய், நாரஹேன்பிட்டி)

பதில்: பிள்ளை தேறி வந்தது பெரிய ஆறுதல் தங்கச்சி. நீங்கள் கேட்ட கேள்வியை எல்லாரும் கேட்டா கொழும்பில பாதி வருத்தம் இல்லை. 2017இல இந்த நாட்டில ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கு மேல டெங்கு எண்டு கணக்கு வந்தது, ஆஸ்பத்திரியில ஒரே கட்டிலில ரெண்டு பேரைக் கிடத்தினதை எல்லாரும் பாத்தம்.

வால்வைப் பூட்டினா புதுத் தண்ணி வராது, ஏற்கனவே நிக்கிற தண்ணியும் மழைத்தண்ணியும் அப்பிடியேதான். டெங்கு நுளம்பு முட்டையிலயிருந்து பறக்கிற வரைக்கும் ஒரு கிழமை, பத்து நாள் காணும், அதுக்கு ஒரு போத்தல் மூடித் தண்ணி காணும். இன்னும் மோசமானது என்னெண்டா தொட்டி காய்ஞ்சாலும் சுவரில ஒட்டின முட்டை மாசக்கணக்கில சாகாமல் இருக்கும், மழை பெய்து நனைஞ்ச உடன பொரிக்கும். அதால தொட்டியைக் கவிழ்த்து ஊத்தினாக் காணாது, உள்சுவரை பிரஷ்ஷால தேய்ச்சுக் கழுவ வேணும்.

போறதுக்கு முதல் பூச்சாடித் தட்டெல்லாம் எடுத்து உள்ளுக்கு வையுங்கோ. வாளி, பேசின், பழைய டயர் எல்லாத்தையும் கவிழ்த்து வைக்கிறதை விட உள்ளுக்கு வைக்கிறதுதான் நல்லம். கூரைப் பீலிக்குள்ள இலை அடைச்சிருந்தா அள்ளுங்கோ, ஒருத்தரும் பாக்காத இடம் அதுதான். பிரிட்ஜுக்குப் பின்னால அடியில ஒரு தட்டு இருக்கும், அதுக்குள்ளயும் தண்ணி நிக்கும், பிரிட்ஜை நிப்பாட்டி அதை ஊத்துங்கோ. கொமட்டின்ர மூடியை மூடி விடுங்கோ, பாத்ரூம் நிலத்தில இருக்கிற ஓட்டைக்கு மேல ஒரு தட்டையான சாமானை வைச்சு மூடுங்கோ.

பக்கத்து வீட்டு விஷயத்துக்கு, முதல்ல அவையின்ர சொந்தக்காரர் ஆரையும் பிடிச்சுக் கதைச்சுப் பாருங்கோ, கன பேருக்கு அங்க இருந்துகொண்டு இது தெரியிறேல்லை. அசையேல்லை எண்டா உங்கட பகுதி பொதுச் சுகாதாரப் பரிசோதகரிட்ட (பி.எச்.ஐ.) சொல்லுங்கோ. நுளம்பு பெருகுற மாதிரி இடத்தை வைச்சிருக்கக் கூடாது எண்டு 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டமே இருக்குது, வீடு பூட்டிக் கிடக்கிறது அதுக்கு ஒரு சாட்டு இல்லை. அயலைப் பகைக்கிறதா எண்டு யோசிக்காதேங்கோ, உங்கட பிள்ளை ஒருக்காப் படுத்திட்டான், ரெண்டாந்தரம் வாற டெங்கு இன்னும் கடுமையா வரலாம்.

கேள்வி: அண்ணை, நாலு மாசத்துக்குப் பிறகு நேற்று வந்து கதவைத் திறந்தா வீடு முழுக்க கான் மணம், கரப்பான் வேற. பைப்பைத் திறந்தா மண்ணிறமாத் தண்ணி. கான் உடைஞ்சிட்டுதோ எண்டு பயமாக் கிடக்குது.
(ஒரு வாசகி, பம்பலப்பிட்டி)

பதில்: கான் உடையேல்லை தங்கச்சி, பெரும்பாலும் காய்ஞ்சுதான் இருக்கும். சிங்குக்குக் கீழ வளைஞ்ச பைப் இருக்கெல்லோ, பாத்ரூம் நில ஓட்டைக்குக் கீழயும் அப்பிடி ஒண்டு இருக்கு, அந்த வளைவுக்குள்ள எப்பவும் கொஞ்சம் தண்ணி நிண்டு கானில இருந்து வாற மணத்தையும் பூச்சியையும் மறிக்கும். ஆளில்லாத வீட்டில சில கிழமையில அது ஆவியாகிப் போகும், பேந்து கானுக்கும் உங்கட பாத்ரூமுக்கும் இடையில கதவு இல்லாத மாதிரித்தான். ஒவ்வொரு ஓட்டைக்குள்ளயும் ரெண்டு ரெண்டு கோப்பை தண்ணி விடுங்கோ, ஜன்னலைத் திறவுங்கோ, ஒரு மணித்தியாலத்தில மணம் குறையும். அடுத்த முறை போகேக்க தண்ணி விட்டிட்டு மேல ஒரு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெயும் விடுங்கோ, எண்ணெய் மேல படிஞ்சு தண்ணி கெதியா வத்த விடாது. தண்ணி விட்டும் ரெண்டு நாளைக்கு மேல மணத்தாத்தான் பாஸைக் கூப்பிடுங்கோ.

மண்ணிறத் தண்ணி பைப்புக்குள்ள நிண்ட துரு. மெயினை ஒரேயடியாத் திறக்காமல் கொஞ்சங் கொஞ்சமாத் திறக்க வேணும், இல்லாட்டி உள்ளுக்கு இருக்கிற காத்து அடிச்சுக்கொண்டு வந்து ஹோஸைக் கழட்டிப் போடும். குசினிப் பைப் நுனியில இருக்கிற வலையைக் கழட்டி வைச்சிட்டு தெளியும் வரைக்கும் வாளியில பிடியுங்கோ, கொமட்டுக்கு ஊத்தலாம். தாங்கியில நிண்ட நாலு மாசத் தண்ணியில குளோரின் ஒண்டும் மிஞ்சியிராது, அதை இறக்கி உள்ளுக்குத் தேய்ச்சுக் கழுவி புதுசா நிரப்புங்கோ. ஷவரை முதல்த் தரம் திறக்கேக்க ஜன்னலைத் திறந்து வைச்சு, திறந்து விட்டிட்டு வெளியால வந்து நில்லுங்கோ, ஒரு அஞ்சு நிமிஷம் ஓடட்டும். கனநாள் நிண்ட தண்ணியில லீஜியோனெல்லா எண்டொரு கிருமி பெருகும், அது குடிக்கிறதால இல்லை, அந்தத் தூவானத்தை மூச்சோட இழுக்கிறதாலதான் நெஞ்சுக்குள்ள போறது. வீட்டில வயசான ஆக்கள், சளி இழுப்பு இருக்கிற ஆக்கள் இருந்தா அவையை முதல்க் குளிக்க விடாதேங்கோ. இண்டைக்கும் நாளைக்கும் தேத்தண்ணிக்குக் கடையில வாங்கின தண்ணியையே வையுங்கோ, தாங்கி கழுவி முடியட்டும்.